காய்ந்த மூலை

பந்தலூர் கோர்ட்டில் சாமான் அறை என் பொறுப்பு.
ஓட்டுக் கூரை. ஆனி பிறந்தால்
நாலு மூலையில் மூன்று ஒழுகும்.
இரண்டு தார்ப்பாய் கேட்டு எழுதினேன்.
பதினான்கு மாதம் கழித்து ஒன்று வந்தது.
ஜெனரேட்டருக்குப் போர்த்தச் சொன்னார்கள்.

மிச்சமிருந்த காய்ந்த மூலையில்
எதை வைப்பது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.
கஞ்சாப் பொட்டலங்களை வைத்தேன்,
எடை குறைந்தால் மேலேயிருந்து கேள்வி வரும்.
ஒரு கொலை வழக்கின் சட்டை.
நாடுகாணிப் பக்கம் பிடித்த தேக்குத் துண்டு இரண்டு.
அதோடு மூலை நிறைந்துவிட்டது.

சேரம்பாடி எஸ்டேட்டின் கொழுந்துத் தராசு,
சான்றுப் பொருள் ஒன்று,
சன்னலோர ஆணியில் தொங்கியது.
இரும்புதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்று எழுதும்போது
கை கொஞ்சம் தயங்குகிறது.

வழக்குக் கொடுத்தவள் சிவனாயி.
அப்பா தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்.
பதினெட்டுக் கிலோ பறித்தால் தராசு பதினாறு காட்டும்.
பதினாறுக்கு அரைப் பேர்தான் விழும்.
ஒரு நாள் ரேஷன் அரிசி இருபது கிலோவை
அப்படியே கொண்டுபோய் மாட்டினாள். பதினெட்டு.
'ரேஷன் கடைத் தராசும் யோக்கியமில்லை சார்,
ஆனா இம்புட்டு இல்ல.'

முதல் வாய்தாவில் ஜட்ஜ் மாற்றலாகிப் போயிருந்தார்.
பொறுப்புக்கு ஊட்டியிலிருந்து வர வேண்டியவர்
மண்சரிவில் நடுவட்டத்தோடு நின்றார்.
சர்க்கார் வக்கீல் இரண்டு கோர்ட்டுக்கு ஒருவர்.
அன்றைக்கு அவர் அங்கே.
பிறகு ஏட்டுக்குத் தேர்தல் டூட்டி.
தராசைச் சோதிக்கும் அதிகாரிக்கு
இரண்டு மலை, ஒரு வண்டி,
அந்த வண்டியும் ஒர்க்ஷாப்பில்.
யாரும் பொய் சொல்லவில்லை.
எல்லாக் காரணமும் நிஜம், ரசீதோடு.

ஒவ்வொரு முறையும் டவாலி மூன்று தடவை கூப்பிடுவார்.
சிவனாயி, சிவனாயி, சிவனாயி.
'இங்க மட்டும் முழுப் பேரு' என்பாள்.
அன்றைக்கு எஸ்டேட்டில் பேரே கிடையாது.

ஏழாவது மழைக்கு அப்புறம் அதிகாரி வந்தார்.
படிக்கல்லைத் தொங்கவிட்டார்.
முள் அசையவில்லை.
கல்லை எடுத்தார்.
அப்போதும் இரண்டு கிலோவிலேயே நின்றது,
ஒன்றும் தொங்காத கொக்கிக்கு இரண்டு கிலோ.
நகத்தால் சுரண்டினார், துரு கையோடு வந்தது.
'பரிசோதிக்க இயலாத நிலை' என்று எழுதிவிட்டு
மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

சிவனாயி கிட்டே வந்தாள்.
என்னைக் கேட்பாள் என்று
பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன்,
தார்ப்பாய், தேதி, கடித எண்.
அவள் முள்ளைத்தான் பார்த்தாள்.
'எங்க போச்சுன்னு தேடுனேன்.
அந்த ரெண்டு கிலோ
இங்கதான் இருந்திருக்கு.'

சந்தேகத்தின் பலனில் விடுதலை.
பொருளை எவரிடமிருந்து எடுத்தோமோ
அவரிடமே தர உத்தரவு.
எஸ்டேட் கண்டக்டர் கையெழுத்துப் போட்டு வாங்கி
ஜீப்பின் பின்னால் வீசினார்.
அந்தச் சத்தத்துக்கு வராந்தா நாய் எழுந்து
மறுபடி படுத்தது.

போன வாரம் இன்னொரு தராசு வந்திருக்கிறது.
தேவாலாப் பக்கத்து எஸ்டேட், எலக்ட்ரானிக்.
புகாரில் ஏழு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.
ஈரம் பட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று
எடுத்துவந்த போலீஸ்காரரே சொன்னார்.
மூலையில் தேக்கு அப்படியே கிடக்கிறது.
என் குடையை விரித்து அதன்மேல் சாய்த்துவிட்டு
நனைந்தபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மறுநாளும் மழை.
எனக்கும் குடை ஒன்றுதான்.